"இதெல்லாம் எனக்கு வராது" என்பவர்களுக்கு: வீட்டிலும் வேலையிலும் சின்னச் சின்ன அன்பு

உள்ளே பாசம் நிறைய இருக்கும், வெளியே மட்டும் வராது. அப்படிப்பட்டவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன்தான். யாராவது எனக்கு நல்லது செய்தால் மனதுக்குள் உருகிவிட்டு, வாயால் "ம்" என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடுவேன். கல்யாணமாகிப் பல வருடங்கள் கழித்து என் மனைவி ஒருநாள் கேட்டாள்: "நான் செய்யறதெல்லாம் உங்க கண்ணுக்குத் தெரியுதா, இல்லையா?" எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ஆனால் எனக்குத் தெரிகிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை. அதைத் தெரியப்படுத்தக் கற்றுக்கொள்ள எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. நீங்கள் ஒரு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம்.

இங்கே நான் சொல்லப்போவது எல்லாமே ஒன்றிரண்டு நிமிடக் காரியங்கள். பரிசு, விருந்து, திடீர்ச் சுற்றுலா எதுவும் கிடையாது. அவையும் நல்லவைதான், ஆனால் வருடத்துக்கு இரண்டு முறை வந்தாலே அதிகம். மீதி நாட்களில் வீட்டுக்குள் நுழையும்போது முகத்தை எப்படி வைத்திருக்கிறோம், கூப்பிட்டால் திரும்புகிறோமா என்பதில்தான் வீடு ஓடுகிறது.

கூச்சம் போடும் தப்புக் கணக்கு

தொடங்கும் முன் இந்தக் கூச்சத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும். ஏனென்றால் பெரும்பாலானவர்களைத் தடுப்பது சோம்பலோ நேரமின்மையோ அல்ல. "இதைப் போய்ச் சொன்னால் என்ன நினைப்பார்கள்?" என்ற நினைப்புதான் தடுக்கிறது.

அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த நினைப்பைச் சோதித்துப் பார்த்தார்கள். 2018இல் வெளியான அவர்களுடைய ஆய்வில், தங்களுக்கு உதவிய ஒருவருக்கு நன்றிக் கடிதம் எழுதும்படி பலரிடம் கேட்டார்கள். கடிதம் கிடைத்தவர் எவ்வளவு மகிழ்வார், எவ்வளவு சங்கடப்படுவார் என்று எழுதியவர்கள் முன்கூட்டியே ஊகிக்க வேண்டும். பிறகு கடிதம் பெற்றவர்களிடமும் அதையே கேட்டார்கள். எழுதியவர்கள் மகிழ்ச்சியைக் குறைத்தும் சங்கடத்தைக் கூட்டியும் கணக்குப் போட்டிருந்தார்கள். காரணம்தான் எனக்குப் பிடித்த பகுதி. எழுதுகிறவர் "வார்த்தை சரியாக வருமா" என்று கவலைப்படுகிறார். பெறுகிறவர் வார்த்தையைப் பார்ப்பதே இல்லை, அதிலுள்ள பிரியத்தைத்தான் பார்க்கிறார்.

அதே இருவர் 2022இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வில், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு மைதானத்துக்கு வந்தவர்கள் முன்பின் தெரியாத ஒருவருக்குச் சூடான பானம் ஒன்றைக் கொடுத்தார்கள். அங்கேயும் இதே கதைதான். கொடுத்தவர்கள் நினைத்ததைவிட வாங்கியவர்களுக்கு அது பெரிதாக இருந்தது.

ஆகவே உங்கள் கூச்சம் உங்களிடம் சொல்லும் தொகையைக் கொஞ்சம் கூட்டி வாசியுங்கள். "இது ஒரு பெரிய விஷயமா?" என்று தோன்றினால் அநேகமாக எதிராளிக்கு அது விஷயம்தான்.

முதல் படி: இரண்டு நாள் ஒன்றும் செய்யாதீர்கள்

ஆமாம், உண்மையாகவே. புதிதாகத் தொடங்குகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, எடுத்த எடுப்பில் எதையாவது செய்துவிடுவது. என்ன வேண்டும் என்று தெரியாமல் செய்தால், நமக்குப் பிடித்ததை அவர்களுக்குச் செய்து வைப்போம்.

இரண்டு நாள் சும்மா கவனியுங்கள். வீட்டில் ஒருவர், வேலையில் ஒருவர். எந்த இடத்தில் அவர்கள் பெருமூச்சு விடுகிறார்கள்? எதைத் தினமும் தேடுகிறார்கள்? எந்தச் சின்ன வேலைக்கு முன்னால் அவர்களுடைய நடை மெதுவாகிறது? யாரிடமும் சொல்லாமல் ஃபோனில் குறித்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலில் குறித்தவை இவை. மனைவியின் ஃபோனில் காலையில் எப்போதும் 15 சதவீதம்தான் சார்ஜ் இருக்கும். அப்பா இரவில் எழுந்தால் சுவரைத் தடவிக்கொண்டு ஸ்விட்ச் தேடுவார். அலுவலகத்தில் ஒரு சக ஊழியர் திங்கட்கிழமை மதியம்வரை எரிச்சலோடு இருப்பார். வாரக் கணக்கை முடிக்க அவருக்கு மூன்று பேருடைய எண்கள் வேண்டும். அந்த மூவரில் நான்தான் கடைசியாகக் கொடுப்பவன் என்பது அந்த இரண்டு நாளில்தான் எனக்கு உறைத்தது. வருடக்கணக்காக ஒருவருடைய திங்கட்கிழமையை நான் கெடுத்துக்கொண்டிருந்திருக்கிறேன், அதுவும் "எப்படி இருக்கீங்க?" என்று புன்னகையோடு கேட்டுக்கொண்டே.

இப்படி ஏதாவது கண்ணில் பட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: ஒரு ஆள், ஒரு செயல், ஒரு நேரம்

குறித்தவற்றில் மிகச் சுலபமான ஒன்றை எடுங்கள். பெரிதாக எடுத்தால் நான்காம் நாள் விட்டுவிடுவீர்கள். ஏற்கெனவே நீங்கள் செய்யும் ஒரு பழக்கத்தோடு அதைக் கட்டிவிடுங்கள். படுக்கப் போகும்போது என் ஃபோனைச் சார்ஜில் போடுவேன். அந்த நேரத்தில் அவளுடைய ஃபோனையும் போடத் தொடங்கினேன். அப்பா போகும் வழியில் சின்ன இரவு விளக்கு ஒன்றை மாட்டினேன், அது ஒரே ஒரு முறை செய்த வேலை. வாரக் கணக்குக்கான எண்ணை வெள்ளிக்கிழமை கிளம்பும்முன் அனுப்ப ஃபோனில் நினைவூட்டல் வைத்தேன்.

செய்ததை அறிவிக்க வேண்டாம். "உன் ஃபோனைச் சார்ஜ் போட்டுட்டேன் பார்" என்று சொன்ன கணத்தில் அது அன்பிலிருந்து ரசீதாக மாறிவிடும். கவனித்தால் கவனிக்கட்டும். என் மனைவி பதினோராவது நாள் கவனித்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் மறுநாள் காலையில் என் மூக்குக்கண்ணாடி துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

பணம் செலவு செய்ய வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டியதில்லை. செய்தாலும் சிறு தொகை போதும். 2008இல் எலிசபெத் டன்னும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. காலையில் சிலருக்கு 5 டாலர், சிலருக்கு 20 டாலர் கொடுத்து, பாதிப் பேரைத் தங்களுக்காகவும் மீதிப் பேரைப் பிறருக்காகவும் மாலைக்குள் செலவழிக்கச் சொன்னார்கள். பிறருக்காகச் செலவழித்தவர்கள்தான் அன்று மாலை கூடுதல் மகிழ்ச்சியோடு இருந்தார்கள். கையிலிருந்தது ஐந்தா இருபதா என்பதால் பெரிய வித்தியாசம் எதுவும் வரவில்லை.

மூன்றாம் படி: கூப்பிட்டால் திரும்புங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் ஒருவர் ஜன்னலருகே நின்று "அந்தப் பறவையைப் பாரேன்" என்கிறார். அது பறவையைப் பற்றிய தகவல் அல்ல. "என்னோடு ஒரு நிமிடம் இருக்கிறாயா?" என்ற கேள்வி. பிள்ளை ஒரு கிறுக்கலைக் கொண்டுவந்து நீட்டுவதும், அம்மா பத்து முறை சொன்ன பழைய கதையைப் பதினோராவது முறை தொடங்குவதும் அதே கேள்விதான்.

தம்பதிகளைப் பல பத்தாண்டுகள் ஆராய்ந்த ஜான் காட்மன் இதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார். தமிழில் 'கவன அழைப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். புதிதாகத் திருமணமானவர்களைக் கவனித்துவிட்டு ஆறு வருடம் கழித்து அவர் திரும்பிப் பார்த்தார். அவர் தரும் கணக்குப்படி, சேர்ந்தே இருந்த தம்பதிகள் ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது இத்தகைய அழைப்புகளில் 86 சதவீதத்துக்கு முகம் கொடுத்திருந்தார்கள். பிரிந்துபோனவர்கள் 33 சதவீதத்துக்குத்தான். இதைப் படித்துவிட்டு வீட்டில் எண்ணிக்கை போட ஆரம்பித்துவிடாதீர்கள். எல்லா அழைப்புக்கும் யாராலும் திரும்ப முடியாது என்பதையும் அந்த 86 சொல்கிறது.

செய்முறை இதுதான். கூப்பிட்டவரின் பக்கம் முகத்தை மட்டுமல்ல, தோளையும் திருப்புங்கள். கையில் ஃபோன் இருந்தால் திரை கீழே இருக்கும்படி கவிழ்த்து வையுங்கள். பிறகு ஒரு வார்த்தையாவது அவர் சொன்ன விஷயத்தைப் பற்றியே சொல்லுங்கள். "ம்" கணக்கில் சேராது, அது என் அனுபவம்.

உண்மையிலேயே முடியாத நேரம் இருக்கும். அப்போது "இதை முடிக்க பத்து நிமிஷம் ஆகும், அப்புறம் வந்து கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு, பத்து நிமிடத்தில் நீங்களாகவே போய்க் கேட்க வேண்டும். அவர் மறுபடி நினைவூட்ட வேண்டி வந்தால் நீங்கள் சொன்னது வெறும் தட்டிக்கழித்தல் ஆகிவிடும்.

வெளியே போன ஒருவர் வீட்டுக்குள் வரும் அந்த முதல் நிமிடத்துக்குத் தனி மதிப்பு உண்டு. "வந்துட்டியா? அந்த பில் கட்டியாச்சா?" என்று வரவேற்கிற வீடுகள் ஏராளம், எங்கள் வீடும் அப்படித்தான் இருந்தது. பில்லைப் பற்றிப் பத்து நிமிடம் கழித்துக் கேட்கலாம். முதல் நிமிடத்தில் எழுந்து நின்று ஒரு பையை வாங்கிக்கொண்டால் போதும்.

வளர்ந்த பிள்ளைகளிடம் மட்டும் வழி கொஞ்சம் வேறு. எதிரே உட்கார்ந்து கண்ணைப் பார்த்து "எப்படிப் போச்சு இன்னைக்கு?" என்றால் அவர்களுக்கு அது விசாரணை. பக்கத்தில் உட்கார்ந்து இருவரும் ஒரே திசையைப் பார்த்துக்கொண்டு ஏதாவது செய்யும்போது, துணி மடிக்கும்போதோ வண்டியில் போகும்போதோ, அவர்களாகவே பேசுவார்கள். அப்போது உபதேசம் செய்யாமல் இருப்பதுதான் நீங்கள் காட்டக்கூடிய பேரன்பு. மிகக் கடினம். நான் இன்னும் தேர்ச்சி பெறவில்லை.

நான்காம் படி: நன்றியை முழுதாகச் சொல்லுங்கள்

"தேங்க்ஸ்" என்ற ஒற்றைச் சொல் கதவைச் சாத்துவது போன்றது. பேச்சு முடிந்தது என்றுதான் அதற்கு அர்த்தம். நன்றியில் மூன்று துண்டுகள் இருந்தால் அது போய்ச் சேரும்: அவர் என்ன செய்தார், அதில் அவருக்கு என்ன சிரமம் இருந்தது, அதனால் எனக்கு என்ன ஆயிற்று.

"நேத்து ராத்திரி பாப்பா அழுதப்போ நீயே எழுந்து போய்ப் பார்த்தே. உனக்கும் காலைல சீக்கிரம் கிளம்பணும்னு தெரியும். எனக்கு அந்த ரெண்டு மணி நேரத் தூக்கம் கிடைச்சதாலதான் இன்னைக்கு ஆபீஸ்ல தலைவலி இல்லாம இருந்தேன்."

இப்படிப் பேசினால் நாடகம் போலத் தோன்றுமே என்று பயமா? முதல் இரண்டு முறை தோன்றத்தான் செய்யும். எதிரில் இருப்பவரும் "என்ன, ஏதாவது வேணுமா?" என்று சந்தேகமாகப் பார்ப்பார். அதைச் சிரித்துக் கடந்துவிடுங்கள். வாயால் சொல்ல வரவில்லையா, எழுதுங்கள். ஒரு துண்டுக் காகிதம், குறுஞ்செய்தி, எதுவானாலும் சரி. எழுதியதைத் திரும்பப் படிக்கலாம் என்பதால் அதற்கு ஆயுள் அதிகம்.

தினமும் நடக்கிற காரியங்களுக்குத்தான் நன்றி அதிகம் விட்டுப்போகிறது. ஒருமுறை உதவிய அந்நியருக்கு மூன்று முறை நன்றி சொல்வோம். பத்து வருடமாகத் துணி துவைப்பவருக்கு ஒருமுறைகூடச் சொல்லியிருக்க மாட்டோம். வாரத்துக்கு ஒருநாள், வழக்கமாக நடக்கும் ஒரு வேலையைப் பிடித்து அதைப் பற்றிச் சொல்லுங்கள்.

அதோடு, நன்றியும் பாராட்டும் வருகிறபோது வாங்கிக்கொள்ளவும் பழகுங்கள். "அட, இதெல்லாம் ஒண்ணுமே இல்லைங்க" என்று தட்டிவிடுவதைத் தன்னடக்கம் என்று நினைக்கிறோம். தயங்கித் தயங்கிச் சொல்ல வந்தவருக்கு அது மூக்குடைப்பு. "கேட்க சந்தோஷமா இருக்கு" என்று சொல்லி நிறுத்துங்கள்.

ஐந்தாம் படி: நல்ல செய்திக்கும் காது வேண்டும்

கஷ்டம் என்றால் ஓடி வருவோம். ஆனால் ஒருவர் நல்ல செய்தியோடு வரும்போது நாம் என்ன செய்கிறோம் என்பதை யோசிப்பதே இல்லை. ஷெல்லி கேபிள் என்ற உளவியலாளர் 2004 முதல் இதைத்தான் ஆராய்ந்து வருகிறார். நல்ல செய்திக்கு நாம் காட்டும் எதிர்வினைகளை அவர் நான்காகப் பிரிக்கிறார். "எனக்கு அந்தப் பயிற்சிக்கு இடம் கிடைச்சிடுச்சு!" என்று மகள் ஓடி வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"ஓ, நல்லது" என்று சொல்லிவிட்டுத் திரையைப் பார்ப்பது ஒரு விதம். "சரி, என் சாவியைப் பார்த்தியா?" என்று பேச்சை மாற்றுவது இன்னொன்று. "அவ்வளவு தூரம் தினமும் எப்படிப் போய் வருவே? படிப்பு கெட்டுப்போகாதா?" என்பது மூன்றாவது. பெற்றோர்களுக்குக் கைவந்த கலை. நான்காவது: "நிஜமாவா! யார் சொன்னாங்க? முதல்ல உனக்கு எப்படி இருந்தது?"

உறவுக்கு வலுச் சேர்ப்பது இந்த நான்காவது மட்டும்தான் என்று அந்த ஆய்வுகள் காட்டின. முதலாவது கெட்டது இல்லை என்று நமக்குத் தோன்றும். ஆனால் "ஓ, நல்லது" கேட்டவருக்கு அடுத்த நல்ல செய்தியை நம்மிடம் கொண்டுவரத் தோன்றாது.

மூன்றாவது விதத்தை விடுவதுதான் கஷ்டம், அதில் அக்கறையும் கலந்திருக்கிறதே. நான் வைத்திருக்கும் ஏற்பாடு: கவலையை மறுநாளைக்குத் தள்ளிவிடுவேன். இன்றைக்கு மூன்று கேள்வி, மூன்றும் அந்த மகிழ்ச்சியை நீட்டிப்பவையாக இருக்க வேண்டும். தூரம், நேரம், செலவு எல்லாம் நாளை காலை. பாதிக் கவலைகள் விடிவதற்குள் தாமாகவே போய்விடுகின்றன.

ஆறாம் படி: வேலையிடம்

வீட்டில் பாசம் காட்டுவது போல அலுவலகத்தில் காட்ட முடியாது, காட்டவும் கூடாது. அங்கே அன்பின் பெயர் பெரும்பாலும் 'தெளிவு'. இன்னொருவரின் பதற்றத்தைக் குறைக்கும் எதுவும் அங்கே நல்ல செயல்தான்.

ஒரு எடுத்துக்காட்டு. "நாளைக்குக் காலைல உங்களோட கொஞ்சம் பேசணும்" என்று மாலை ஆறு மணிக்குச் செய்தி அனுப்புகிற மேலாளர்கள் உண்டு. அனுப்பிய அவர் நிம்மதியாகத் தூங்குவார். பெற்றவர் இரவு முழுக்கத் தன் தவறுகளை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருப்பார். எனக்கே அப்படி ஒருமுறை நடந்தது. மறுநாள் விஷயம் என்னவென்றால், இருக்கை மாற்றம். அதே செய்தியில் "இருக்கை மாத்தறது பத்தி" என்று மூன்று வார்த்தை சேர்த்திருந்தால் ஒரு மனிதனின் தூக்கம் பிழைத்திருக்கும். ஆகவே: பேச வேண்டும் என்றால் எதைப் பற்றி என்று சேர்த்துச் சொல்லுங்கள். அவசரமில்லை என்றால் "அவசரமில்லை, வியாழனுக்குள் போதும்" என்று எழுதுங்கள். இரவு பதினொரு மணிக்கு யோசனை வந்தால் எழுதி, காலையில் போய்ச் சேரும்படி நேரம் குறித்து வையுங்கள். அந்த வசதி இப்போது பெரும்பாலான மின்னஞ்சல் செயலிகளில் இருக்கிறது.

அடுத்தது, இல்லாதவர் பெயரைச் சொல்வது. கூட்டத்தில் உங்கள் வேலையைப் பாராட்டும்போது "அந்தக் கணக்கில் இருந்த பிழையைக் கண்டுபிடித்தது அவர்தான்" என்று அங்கே இல்லாத ஒருவரின் பெயரைச் சேருங்கள். அது எப்படியும் அவர் காதுக்குப் போய்ச் சேரும். நேரில் சொல்லும் பாராட்டைவிட அப்படிப் போய்ச் சேருவதற்கு ருசி அதிகம். வாடிக்கையாளர் நன்றி சொல்லி எழுதினால் அதைப் படித்துவிட்டு மூடிவிடாமல், உண்மையில் அந்த வேலையைச் செய்தவருக்கு அனுப்பி வையுங்கள். பின்னணியில் வேலை செய்பவர்களுக்குப் புகார்தான் வந்து சேரும், நன்றி பாதியிலேயே நின்றுவிடும்.

புதிதாகச் சேர்ந்தவர் இருக்கிறாரா? முதல் வாரத்தில் சாப்பாட்டு வேளைதான் அவருக்கு மிகவும் சங்கடமான நேரம். யாரோடு உட்காருவது என்று தெரியாமல் ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பார். "வாங்க, எங்களோட உட்காருங்க" என்று சொல்ல ஒரு விநாடி போதும். அவருடைய பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், சந்தேகம் இருந்தால் கேளுங்கள். கேட்பதால் யாரும் வருத்தப்படுவதில்லை. ஆறு மாதம் தப்பாகக் கூப்பிட்டால்தான் வருத்தம்.

வாசல் காவலாளி, கூட்டித் துடைப்பவர், லிஃப்டில் தினமும் பார்க்கிற அடுத்த தளத்துக்காரர் என்று நமக்கு அரைகுறையாகப் பழக்கமானவர்கள் சிலர் இருப்பார்கள். அவர்களோடு பேசும் இரண்டு வரிக்கு எந்தப் பயனும் இல்லை என்று தோன்றும். ஜிலியன் சாண்ட்ஸ்ட்ரம், எலிசபெத் டன் இருவரும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, இப்படிப் பட்டும் படாமலும் தெரிந்தவர்களோடு வழக்கத்தைவிட அதிகம் பேசிய நாட்களில் மனிதர்கள் கூடுதல் மகிழ்ச்சியை உணர்கிறார்கள். இந்தப் படியில் ஆதாயம் உங்களுக்கும்தான், கூச்சப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றவை சட்டென்று: பிரின்டரில் கடைசித் தாளை எடுத்தவர் நீங்கள் என்றால் நிரப்பிவிட்டுப் போங்கள். விடுப்பில் போகும்முன் எது எங்கே இருக்கிறது என்று ஐந்து வரி எழுதி வையுங்கள். கூட்டம் சீக்கிரம் முடிந்துவிட்டால் மீதி நேரத்தை நிரப்பாமல் எல்லாரையும் விட்டுவிடுங்கள்.

ஏழாம் படி: விட்டுப்போன ஒருவருக்கு ஒரு வரி

பழைய நண்பர், முன்னாள் சக ஊழியர், தூரத்துச் சொந்தம். பேசி இரண்டு வருடம் ஆகிவிட்டது, "இப்போ திடீர்னு எப்படி?" என்ற தயக்கத்திலேயே மூன்றாவது வருடமும் போய்விடும். பெகி லியூவும் சகாக்களும் 5,900க்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்திய ஆய்வுத்தொடர் 2022இல் வெளிவந்தது. இப்படித் தொடர்பு கொள்வதை எதிர்முனையில் இருப்பவர் எவ்வளவு விரும்புவார் என்பதை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம் என்றது அது. எதிர்பாராமல் வந்தது என்பதே அதன் மதிப்பைக் கூட்டுகிறதாம்.

என்ன எழுதுவது? "உங்க ஞாபகம் வந்தது" என்பதோடு ஏன் வந்தது என்று ஒரு வரி. "பதில் போட அவசரமில்லை" என்று முடித்துவிடுங்கள், அவருக்கும் பாரம் இருக்காது.

சொதப்பினால்

சொதப்பும். என்னுடைய பெரிய சொதப்பல், மனைவி ஊரில் இல்லாத நாளில் அவளுடைய மேசையை ஒழுங்குபடுத்தி வைத்தது. மூன்று மணி நேரம் உழைத்தேன். காகிதங்களை அளவு வாரியாக அடுக்கினேன், பேனாக்களை நிறம் வாரியாக நிறுத்தினேன். வந்து பார்த்தவள் அழாத குறை. அந்தக் கலைந்த குவியலில் எது எங்கே என்று அவளுக்கு மட்டும் தெரிந்த ஒரு வரிசை இருந்திருக்கிறது. அடுத்த ஒரு வாரம் வீட்டில் ஏதாவது ஒன்று தேடப்பட்டுக்கொண்டே இருந்தது.

அலுவலகத்திலும் ஒன்று. கூச்ச சுபாவம் உள்ள ஒருவரை முப்பது பேர் முன்னால் எழுந்து நிற்கச் சொல்லிப் பாராட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. தனியாக நாலு வரி எழுதியிருந்தால் அவர் அதைப் பத்திரமாக வைத்திருந்திருப்பார்.

இந்த இரண்டிலிருந்தும் நான் எடுத்துக்கொண்ட விதிகள்: அடுத்தவரின் பொருளைத் தொடும் முன் கேட்க வேண்டும். சபையில் பாராட்டும் முன் அவருக்கு அது பிடிக்குமா என்று யோசிக்க வேண்டும். தப்பாகிவிட்டால் "உனக்காகத்தானே செஞ்சேன்!" என்று சொல்லக் கூடாது. அந்த வாக்கியம் நல்ல எண்ணத்தை ஆயுதமாக்கிவிடும். "ஸாரி, கேட்டிருக்கணும்" போதும்.

கேட்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. களைத்துப்போனவரிடம் "நான் என்ன செய்யணும், சொல்லு" என்றால் யோசிக்கும் வேலையையும் அவர் தலையில் கட்டுகிறோம். "பாத்திரம் கழுவட்டுமா, பாப்பாவைக் கூட்டிட்டு வெளியே போகட்டுமா?" என்று இரண்டில் ஒன்றைக் கேளுங்கள். ஒரு சொல்லில் பதில் வந்துவிடும்.

எதற்கு இது பதிலாகாது

இதைக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். வீட்டு வேலை முழுவதையும் ஒருவர் தலையில் வைத்துவிட்டு, அவருக்கு மூன்று துண்டு நன்றி சொல்வது அன்பு அல்ல. முதலில் வேலையைப் பங்கு போடுங்கள், பிறகு நன்றி சொல்லுங்கள். அதேபோல, கேட்ட விடுப்பையும் நியாயமான சம்பளத்தையும் தராத இடத்தில் மேலாளர் தோளில் தட்டி "நீங்க இல்லாட்டா இந்த டீமே இல்ல" என்றால் அந்தத் தட்டலை யாரும் மதிக்க மாட்டார்கள். வசைபாடும், கை ஓங்கும் ஒருவரிடம் இன்னும் கொஞ்சம் கனிவாக நடந்து பார்க்கலாம் என்று இந்தக் கட்டுரையை வைத்து யாரும் முடிவெடுக்க வேண்டாம். அங்கே தேவை உதவி கேட்பதும் விலகி வருவதும்.

உங்கள் மனம் கணக்குப் போட ஆரம்பித்தாலும் கவனியுங்கள். "நான் இவ்வளவு செஞ்சேனே, அவர் என்ன செஞ்சார்?" என்ற கேள்வி எப்போதாவது வந்தால் பரவாயில்லை, மனித இயல்பு. தினமும் வந்தால் பெரிதாக ஏதோ சரியில்லை என்று பொருள். அதை உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க வேண்டும். இன்னும் நாலு நல்ல காரியம் செய்து மூடி மறைக்க முடியாது.

ஒரு மாதம் கழித்து

முதலில் தேர்ந்தெடுத்த செயல் இப்போது கைப்பழக்கம் ஆகியிருக்கும். நல்லதுதான், ஆனால் அதில் உங்களுக்குக் கிடைத்த சந்தோஷம் குறைந்திருக்கும். மகிழ்ச்சி ஆய்வுகளில் பெயர்பெற்ற சோன்யா லுபோமிர்ஸ்கியின் குழு சிலரை வாரக்கணக்கில் நல்ல காரியங்கள் செய்யச் சொல்லிப் பார்த்தபோது, விதவிதமாக மாற்றிச் செய்தவர்களுக்கே பலன் தெரிந்தது. அதே குழுவின் இன்னொரு சோதனையில், வாரத்துக்கு ஐந்து நல்ல காரியங்கள் என்று ஆறு வாரம் செய்தவர்களில், ஐந்தையும் ஒரே நாளில் செய்தவர்களுக்கு மகிழ்ச்சி கூடியது. வாரம் முழுக்கப் பரப்பிச் செய்தவர்களுக்கு அப்படி இல்லை. செய்தவருடைய மகிழ்ச்சியைத்தான் அதில் அளந்தார்கள், பெற்றவருடையதை அல்ல.

ஆகவே நான் இப்படிப் பிரித்துக்கொள்கிறேன். அவர்களுக்கு உண்மையில் பயன்படும் காரியங்கள், அதாவது சார்ஜர், இரவு விளக்கு, வெள்ளிக்கிழமை எண், தினப்படி ஓடட்டும். அவற்றில் எனக்குச் சுவை குறைந்தாலும் நிறுத்த மாட்டேன். அதோடு வாரத்தில் ஒருநாளை வைத்துக்கொண்டு, அன்று மட்டும் புதிதாக நாலைந்து செய்வேன். என்னுடைய நாள் புதன். யாருக்கும் தெரியாது. சில புதன்கிழமைகளில் ஒன்றும் தோன்றாது, அப்போது முதல் படிக்குத் திரும்பிப் போய் சும்மா கவனிப்பேன்.

வேலை நெருக்கடியில் பத்து நாள் எல்லாம் விட்டுப்போகும். அப்போது பெரிய விளக்கமோ மன்னிப்போ ஈடுகட்டும் பரிசோ தேவையில்லை. அன்று மாலை வாசல் கதவு திறக்கும் சத்தம் கேட்டதும் ஃபோனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போங்கள். பில் கட்டியாச்சா என்று கேட்காதீர்கள்.